ஐந்து வாரத் தொடரில் கிடைத்த அண்ணன்

தொலைக்காட்சியில் ஒருமுறை முகம் தெரிந்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும் என்பார்கள். பொய்யில்லை. எந்தப் பக்கமாக மாறும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. முப்பது வயதுவரை அப்படித்தான் இருந்தேன். அதன் பிறகு எனக்கு ஓர் அண்ணன் வந்துவிட்டார். (தம்பி பிறந்தான் என்றால்கூட ஏதாவது சமாதானம் சொல்லலாம். முப்பது வயதில் அண்ணன் பிறந்ததை ஊருக்கு எப்படிச் சொல்வது?)

அப்போது நான் திண்டுக்கல்லில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கடையில் சர்வீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர் கேபிள் சேனல் நடத்திவந்த குமரேசன் வீட்டுக்கு, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். போன வேலையை முடித்துவிட்டு வந்திருக்கலாம். அவர் காபி கொடுத்தார். குடித்தேன்.

"முருகேசு, நம்ம சேனலுக்கு ஒரு காமெடி சீரியல் எடுக்கலாம்னு இருக்கேன். அண்ணன் தம்பி கதை. அண்ணனுக்கு எதுவுமே ஆகாது. தம்பிக்கு எல்லாமே ஆகும். நீ தம்பியா நடிக்கிறியா? ஒனக்கு மொகமே சிரிப்பா இருக்கு."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

தொடரின் பெயர் 'அண்ணனுக்கு ஆகாது'. அண்ணனுக்கு மின்விசிறிக் காற்று ஆகாது, புளிக்குழம்பு ஆகாது, விருந்தாளி ஆகாது, பார்த்த பெண்கள் எவரும் ஆகாது. தம்பியோ தெருவில் கூவி விற்பதையெல்லாம் வாங்கிவந்து வீட்டை நிரப்புகிறவன். இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? கதை அவ்வளவுதான். வாரம் அரை மணி நேரம்.

அண்ணனாக நடிக்க பிரான்சிஸ் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவரும் என்னைப்போல உடன்பிறந்தவர் இல்லாத ஒற்றைப் பிள்ளை. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை வைத்து நடத்தும் பாஸ்கா நாடகத்தில், இயேசுவின் சாவில் தனக்குப் பங்கில்லை என்று கை கழுவும் ஆளுநர் பிலாத்துவாக வருடந்தோறும் வருவார். அவர் மேடையில் கை கழுவினால் பின்வரிசைவரை தண்ணீர்ச் சத்தம் கேட்கும் என்பார்கள். ஒரு வேடத்துக்குள் போய்விட்டால் அவரை வெளியே இழுத்துவர நாலு பேர் வேண்டும். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செட் போடக் குமரேசனிடம் வழியில்லை. ஆகவே நாகல் நகரில் இருந்த எங்கள் வீட்டிலேயே எடுத்தார்கள். அம்மா வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. என் அம்மாவே நடித்தாள். அப்பா நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் எல்லாக் காட்சியிலும் பின்னால் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டே இருப்பார். எனக்கு முதலில் சின்னச்சாமி என்று பெயர் வைத்தார்கள். யாராவது 'சின்னச்சாமி' என்று கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் என் சொந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அண்ணன் பெயர் பெரியசாமி. அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. "ஏப்பா பெரியவனே, ஈரத்துண்ட நாற்காலியில போடாதன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கேமரா ஓடாத நேரத்திலும் அவரை வைவாள். அவரும் "சரிம்மா" என்று எடுத்துக் கொடியில் போடுவார்.

ஆக, வீடு நிஜம், அம்மா நிஜம், அப்பா நிஜம், நானும் நிஜம். அண்ணன் மட்டும் நடிப்பு. இதை நாங்கள் யாரும் அப்போது யோசிக்கவில்லை.

முதல் வாரம் ஒளிபரப்பானது. மறுநாள் தெருவில் இறங்கினால் மக்கள் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள் என்று நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். கையைப் பிடித்தார்கள். சிரிக்கவில்லை. துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "அண்ணன்தான அப்பு, செத்த விட்டுக்குடுத்துப் போனா என்ன?" என்றார். வடமதுரையில் பேட்டரி மாற்றப் போன வீட்டில், அந்த அம்மா என்னைக் கண்டதும் கேட்டைத் திறக்கவில்லை. "காத்து ஆகாதுன்னு அந்தப் புள்ள கரடியாக் கத்துது. வீம்புக்கு ஃபேனப் போடுறியே, நீயெல்லாம் ஒரு தம்பியா?" என்றார்.

இது ஏன் என்று எனக்குப் பெரிய ஆராய்ச்சியாகவே போய்விட்டது. எத்தனையோ தொடர்களைப் பார்க்கிற ஜனங்கள்தானே? அதில் அழுகிறவர்களை எல்லாம் நிஜம் என்றா நம்புகிறார்கள்? ஒருநாள் உட்கார்ந்து எங்கள் சேனலையே காலையிலிருந்து பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. காலையில் யாரோ வீட்டுக் காதுகுத்து வீடியோ. மத்தியானம் கோவில் தேரோட்டம். சாயங்காலம் நாளைக்குக் குடிநீர் வராத தெருக்களின் அறிவிப்பு. அதற்குப் பிறகு கண்ணீர் அஞ்சலி. கண்ணீர் அஞ்சலி முடிந்த கையோடு நாங்கள். அந்தச் சேனலில் அதுவரை பொய்யாக எதுவுமே வந்ததில்லை. செத்தவர் நிஜமாகவே செத்திருந்தார். தண்ணீர் நிஜமாகவே வரவில்லை. அடுத்து வந்த சண்டையை மட்டும் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

ஐந்தாவது வாரத்தில் அண்ணன் கோபித்துக்கொண்டு, அம்மா போட்ட சோற்றைத் தொடாமல், பையோடு வீட்டை விட்டுப் போகிற காட்சி. பிரான்சிஸ் பிலாத்துக் குரலில் "இனி இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா நிஜமாகவே அழுதுவிட்டாள். ஆறாவது வாரம் அண்ணன் திரும்பி வந்து எல்லோரும் சிரிப்பதாகக் கதை. அதற்குள் கோவில் திருவிழா நேரலை வந்தது. எங்கள் அரை மணி நேரத்தை அதற்குக் கொடுத்தார்கள். திருவிழா முடிந்தது, தொடர் திரும்பவில்லை. அண்ணன் போனவர் போனவர்தான்.

சில மாதம் கழித்து எனக்கு ஒட்டன்சத்திரம் தாண்டிக் கீரனூரில் பெண் பார்த்தார்கள். சுகன்யா. பள்ளிக்கூட டீச்சர். ஏற்கெனவே எனக்கு நாலைந்து இடம் தட்டிப்போயிருந்ததால், பிடித்திருக்கிறதா என்று யோசிக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஆனால் சுகன்யா காபித் தட்டை நீட்டிவிட்டு, "சக்கரை பத்துதுங்களா?" என்று கேட்டு, என் பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தாள். என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து அவர்கள் வீடு பார்க்க வர வேண்டும். பெண் வாழப்போகிற வீட்டைப் பெரியவர்கள் வந்து பார்த்துத் திருப்தியானால்தான் நிச்சயம். சுகன்யாவின் பெரியப்பா நாச்சிமுத்து தலைமையில் ஒரு வேன் ஆள் வந்தார்கள். பெண் பார்த்த அன்று அவர் ஊரில் இல்லை; ஆனால் அந்தக் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. நல்ல உயரம், வெள்ளை வேட்டி. வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். கூடத்தைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது அந்த ஊடுதானுங்களே?" என்றார்.

எங்கள் கேபிள் அவ்வளவு தூரம் போகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"உங்களப் பாத்திருக்கறனுங்க. நீங்க பேசவே மாட்டீங்க" என்று அப்பாவைக் கும்பிட்டார். அப்பா பேசாமல் திருப்பிக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சாதகத்துல ஒத்தப் பையன்னு போட்டிருந்துச்சுங்களே. பெரியவரு எங்கீங்க?"

"அது நாடகங்க மாமா. சிரிப்பு நாடகம்."

"சிரிப்பு நாடகமுங்களா? அப்பறம் உங்கம்மா எதுக்குங்க அழுதாங்க?"

அம்மா இந்த இடத்தில் 'அதெல்லாம் நடிப்புங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அழுதது நெசந்தாங்க. சாப்பிடாமப் போனான்ல, மனசு கேக்கல" என்றாள்.

நாச்சிமுத்து உட்காரவில்லை. வந்தவர்களும் உட்காரவில்லை. அவர் மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். "அண்ணங்காரரு இருக்கறப்ப தம்பிக்குப் பேசற வழக்கம் எங்கள்ல இல்லீங்க. அதுவும் இருக்கற புள்ளைய இல்லேன்னு சொல்ற எடத்துல..." முடிக்காமல் விட்டுவிட்டார்.

 இப்போது கையில் இருந்தது ஒரே வழிதான். பிரான்சிஸே நேரில் வந்து, நான் இவனுக்கு அண்ணன் இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பின்கட்டுக்கு ஓடி அவருக்குப் போன் செய்தேன். "அண்ணே, பொண்ணு வீட்டுக்காரங்க வந்துருக்காங்க. சீரியல் பாத்தவங்க. நீங்க உடனே வந்து ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும். இல்லன்னா எல்லாம் போச்சு!" என்றேன். "இந்தா வாரேன்டா" என்று வைத்துவிட்டார். என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை என்பது, வேன் சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது. (உங்களுக்கு முன்பே உறைத்திருக்கும். நீங்கள் என் இடத்தில் இல்லை.)

பிரான்சிஸ் உள்ளே வந்தார். அம்மா பழக்கதோஷத்தில், "வாப்பா பெரியவனே, ஏன் இம்புட்டு நேரம்? சாப்ட்டியா?" என்றாள்.

கீரனூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரான்சிஸ் கூடத்தின் நடுவில் நின்று எல்லோரையும் கும்பிட்டார். தொண்டையைச் செருமினார். பிலாத்துவின் குரல் வந்தது.

"பெரியவங்க எல்லாரும் என்னய மன்னிக்கணும். நான் போன கோவத்துக்கு என் தம்பி என்ன செய்வான்? அவன் கல்யாணத்துக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன். முழு மனசோட சம்மதிக்கிறேன்!"

வந்திருந்த பெண்களில் இரண்டு பேர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். நான் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்து, "அண்ணே, நடிக்காதீங்க! நெசத்தச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அவர் முகத்தில் பிலாத்து இறங்கி வேன் டிரைவர் வந்தார். "நெசத்தவா? அத மொதல்லயே சொல்லக்கூடாதாடா?" என்று முணுமுணுத்துவிட்டு, நாச்சிமுத்துவிடம் அடக்கமாகச் சொன்னார். "ஐயா, எம் பேரு பிரான்சிஸ். வீட்டுக்காரி மேரி. ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. நான் இந்த வீட்டுப் புள்ள இல்லங்க."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். நாச்சிமுத்து நெடுநேரம் அவர் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இதானுங்களா விசயம்?" என்றார். "வேத்து மதத்துப் புள்ளையக் கட்டிக்கிட்டு, பேரயும் மாத்திக்கிட்டாருன்னு ஒதுக்கி வெச்சிட்டீங்களா? அதுக்குத்தான் ஒத்தப் பையன்னு போட்டீங்களா? பெத்தவங்களுக்கு மனசு எப்புடீங்க வந்துச்சு? அவரு வாயாலயே, இந்த ஊட்டுப் புள்ள இல்லேன்னு சொல்ல வெச்சுட்டீங்களே!"

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"நானு ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்கறன். மொதல்ல பெரியவரயும் அவரு சம்சாரத்தயும் ஊட்டோட சேத்துக்கோணும். கல்யாணத்துல அண்ணன் எடத்துல அவருதான் நிக்கோணும். அதுக்குச் சம்மதம்னா பொண்ணு குடுக்கறமுங்க. இல்லீன்னா நாங்க கெளம்பறமுங்க."

 உண்மையைச் சொன்னால் சுகன்யா போய்விடுவாள். சொல்லாவிட்டால் அண்ணன் வந்துவிடுவார். நான் தவித்துக்கொண்டிருக்கும்போது பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. என் அப்பா, இரண்டு குடும்பமும் பார்த்திருக்க, முதன்முறையாகப் பேசினார்.

"சேத்துக்கிருவோம்" என்றார். மறுபடியும் பேப்பரை விரித்துவிட்டார்.

மறுநாள் சுகன்யாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மூச்சு முட்டச் சிரித்தாள். "எனக்கு அப்பவே தெரியுமுங்க. கடைசில பேரு ஓடுச்சுங்களே, அண்ணன் வேசத்துக்குப் பிரான்சிஸ்னு" என்றாள்.

"அதப் பெரியப்பாகிட்டச் சொல்லலாம்ல?"

"சொன்னனுங்க. குடும்ப மானத்துக்குப் பயந்து வேசம்னு போட்டிருக்காங்க கண்ணு, உனக்கு இதெல்லாம் புரியாதுன்னு சொல்லீட்டாரு."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிரான்சிஸ் பட்டு வேட்டியில் எனக்குப் பக்கத்தில் நின்றார். மேரி அண்ணி கைகோத்து என் மனைவியை வீட்டுக்குள் அழைத்துவந்தார். அதன் பிறகு கீரனூரிலிருந்து பலகாரக்கூடை வந்தால், முதல் கூடை பெரிய மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு நாச்சிமுத்து மாமா தவறாமல் அவர் வீட்டுக்கு வாழைத்தார் அனுப்புவார். என் மகள் பிறந்தபோது பேட்டரிக் கடையில் லீவு கிடைக்காமல் நான் தவித்த நாளில், ஆஸ்பத்திரி வாசலில் வேனோடு கிடந்தவர் அவர்தான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் நாக்கு சும்மா இருந்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்குள் ஒரு குறுகுறுப்பு. மாமா இன்னமும் நம்புகிறாரா? இல்லை, எங்கோ ஒரு கட்டத்தில் தெரிந்துகொண்டு பெருந்தன்மையாக நடக்கிறாரா? போன வருடம் கீரனூரில் என் மச்சினன் புதுவீடு கட்டிக் குடிபோனான். பந்தியில் மாமா எனக்கு எதிரே, பிரான்சிஸ் எனக்குப் பக்கத்தில். அண்ணன் இலையில் இரண்டாவது லட்டு விழுந்தது. எனக்கு ஒன்றுதான். சொல்லிவிட்டேன்.

"மாமா, இப்பவாச்சும் நம்புங்க. பிரான்சிஸ் எங்கூடப் பொறந்தவர் இல்ல. சீரியல்ல நடிக்க வந்தவரு. அம்புட்டுதான்."

சாம்பார் வாளி நடுவழியில் நின்றது. மாமா கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்துவிட்டார்.

"இத்தன வருசமாச்சுங்க மாப்ள. பேரன் பேத்தின்னு ஆயிப்போச்சு. இன்னுமா உங்களுக்கு மனசு எறங்கல?"

பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டார். தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். அடடா, மனுஷன் இன்னும் விடவில்லையே, என்ன நடிப்பு என்று நான் உள்ளுக்குள் வியந்தேன். பாயசக்காரர் என் இலையைத் தாண்டிப் போனார்.

திரும்பும்போது எல்லோரும் அண்ணன் வேனில் வந்தோம். நான் முன்சீட்டில். ஒட்டன்சத்திரத்தை நெருங்கும்போது, "என்னண்ணே, அந்த அழுகை எதுக்கு? மாமாவ இன்னும் நல்லாக் கெளப்பி விட்டுட்டீங்களே" என்று சிரித்தேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார்.

"நடிக்கலடா" என்றார். "எனக்கும் கூடப்பொறந்தது யாரும் கெடையாது, ஒனக்குத் தெரியும்ல. அம்புட்டுப் பேரு சாப்பிடுற பந்தியில, நடிக்க வந்தவரு, அம்புட்டுதான்னு சொல்லிட்டியே."

 இவ்வளவு வருடம் ஊர் நம்புகிறதா, மாமா நம்புகிறாரா என்றெல்லாம் துருவிக்கொண்டிருந்தேனே, இவர் நம்புகிறாரா என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வண்டிய ஓரமா நிறுத்துப்பா பெரியவனே. அவன் எறங்கி பஸ்ல வரட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிரான்சிஸும் "விடுங்கம்மா" என்று கெஞ்சிப் பார்த்தார். அம்மா விடவில்லை. சுகன்யாவும் விடவில்லை. என் மகள் இறங்கிவந்து முன்கதவைத் திறந்துவிட்டாள். ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு, என் குடும்பம் என் அண்ணனோடு போய்விட்டது. பை, பர்ஸ், போன் எல்லாம் வேனுக்குள் இருந்தன. சட்டைப்பையில் கிடந்த சில்லறையைப் பொறுக்கி டிக்கெட் எடுத்தேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. வழி முழுக்க, அண்ணனிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், வெளியே அந்தப் பள்ளிக்கூட வேன் நின்றது. எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்ப வந்திருக்கிறார்.

"அண்ணே..." என்று ஆரம்பித்தேன்.

"ஏலே, ஏறு. அம்மா பசியோட உக்காந்திருக்கு" என்றார். ஏறிக்கொண்டேன். யோசித்து வைத்திருந்த ஒன்றையும் சொல்ல விடவில்லை.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேச வாயெடுத்தால், சுகன்யா உடனே, "பஸ்ஸுக்குச் சில்லறை இருக்குதுங்களா?" என்பாள். அம்மா, அண்ணி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அண்ணன் மட்டும் பதறிப்போய்த் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்.